அறுபத்தொன்றும் அறுபத்திரண்டும்

கல்லூரியில் எழுதிய முதல் பரீட்சையில் கோல்பி ப்ரங்கார்ட் வேண்டுமென்றே தப்பாக எழுதினான். அது மண்ணியல் பரீட்சை இல்லை. மண்ணியலில் அவன் ஒழுங்காக எழுதித்தான் சுமாரான மதிப்பெண் வாங்கினான்.

ஆகஸ்ட் மாதம், பயிற்சி தொடங்குவதற்கு முதல் நாள், அமெரிக்கக் கால்பந்து அணியில் இருந்த அத்தனை பேரையும் கணினி அறையில் உட்கார வைத்தார்கள். திரையில் வார்த்தைகள் வரிசையாக வந்து போகும். வடிவங்கள் வரும். சிவப்பு வந்தால் ஒரு விசை, நீலம் வந்தால் இன்னொரு விசை. பிறகு என்னென்ன வந்தன என்று கேட்கும். அரை மணி நேரம் கழித்து நூற்றுக்கு இவ்வளவு என்று ஓர் எண் விழும். அது அடிபடாத மூளையின் எண். பின்னால் மைதானத்தில் யாராவது தலையில் இடிபட்டுக் கலங்கிப்போனால் அதே பரீட்சையை மறுபடி வைப்பார்கள். எண் குறைந்திருந்தால் வெளியே உட்கார வேண்டும். குறையாமல் இருந்தால் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போகலாம்.

ஆகவே முதல் எண்ணையே குறைத்து வைத்துக்கொண்டால் என்ன என்ற யோசனை யாருக்கோ எப்போதோ வந்திருக்கிறது. கோல்பி சேர்ந்த காலத்தில் அது அணியின் வழக்கமாகவே ஆகியிருந்தது. அவனைவிட ஒரு வருடம் மூத்தவனும் விடுதியில் அவன் அறைத்தோழனுமான ஜமார் டில்லரி அவனுக்கு அதை விளக்கினான்.

"ரொம்ப முட்டாளா இருந்துடாத. அம்பத்தஞ்சுக்குக் கீழ போனா மெஷினுக்குச் சந்தேகம் வந்துடும், திரும்ப எழுதச் சொல்லும். அறுபது, அறுபத்தஞ்சு, அங்க நில்லு."

"அவ்வளவு கரெக்டா எப்படிடா நிக்கறது?"

"தூக்கக் கலக்கத்துல இருக்கற மாதிரி எழுது. உனக்கு அது கஷ்டமே இல்ல."

கோல்பிக்கு அறுபத்தொன்று வந்தது. பயிற்சியாளர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். இதை அவன் பொய் என்று நினைக்கவில்லை. குளிருக்கு இன்னொரு காலுறை போட்டுக்கொள்வது போல ஒரு முன்னேற்பாடு, அவ்வளவுதான். தான் நடிக்கிறோம் என்று நடிக்கிறவனுக்குத் தெரியும். அது தெரிந்திருக்கும்வரை உண்மை எங்கேயும் போய்விடாது என்றும் அவன் நம்பினான்.

பந்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறவனை இடித்துச் சாய்ப்பது அணியில் அவன் வேலை. அதை அவன் நன்றாகச் செய்தான் என்று சொல்ல முடியாது. விடாமல் செய்தான். இரண்டாம் வருடம் அக்டோபரில் முதல் முறை தலை கலங்கியது. ஆறு நாள் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். முழு மூச்சாக எழுதினான். அறுபது. சரி, போ என்றார்கள். அடுத்த வசந்தப் பயிற்சியில் இரண்டாவது. அறுபத்தொன்று. போ என்றார்கள். மூன்றாம் வருட அக்டோபரில் மூன்றாவது. அன்று அவன் தானே எழுந்து, நிதானமாக நடந்து, எதிரணியின் பெஞ்சில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். அவர்களும் கொடுத்தார்கள்.

பத்து நாள் கழித்து மறுபடி அறுபது வந்தது. ஆனால் இந்த முறை அணி மருத்துவர் ஆஸ்ட்ராண்டர் காகிதத்தைத் தள்ளி வைத்தார்.

"ஸ்கோர் சரியாத்தானே இருக்கு, டாக்டர்?"

"சரியாத்தான் இருக்கு. மூணு தடவையும் சரியா இருக்கு. அதான் எனக்குப் பிடிக்கல. மூணு தடவை மண்டையில வாங்கினவன் ஒரு தடவை கூட அசையலன்னா, ஒண்ணு பரீட்சை பொய், இல்ல நீ கருங்கல்லு. எதுவா இருந்தாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

மருத்துவக் காரணத்தால் தகுதி நீக்கம் என்று ஒரு பக்கக் கடிதம் வந்தது. உதவித்தொகை படிப்பு முடியும்வரை தொடரும், அணியில் மட்டும் இடம் இல்லை. பயிற்சியாளர் நல்லவர். அவனைச் சும்மா விடக் கூடாது என்று ஒரு வேலை கொடுத்தார். ஆட்டத்தின்போது எல்லைக் கோட்டருகே நின்று பெரிய அட்டைகளைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஓர் அட்டையில் சேவல், ஒன்றில் ரொட்டி வாட்டும் இயந்திரம், ஒன்றில் மீசை. உள்ளே இருப்பவர்களுக்கு அவை உத்தரவுகள். அர்த்தம் வாரத்துக்கு வாரம் மாறும். அது கோல்பிக்குச் சொல்லப்படவில்லை, தூக்குகிறவனுக்கு அது தேவையும் இல்லை. நான்கு ஆட்டங்களுக்குச் சேவலைத் தூக்கினான்.

ஒரு கல்லூரியின் மருத்துவர் வேண்டாம் என்றது இன்னொரு கல்லூரியின் மருத்துவரைக் கட்டுப்படுத்தாது. இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்களின் பட்டியலில் கோல்பி தன் பெயரைக் கொடுத்தான். அவன் ஆட்டத்தின் ஒளிப்பதிவைப் பார்த்துவிட்டுப் பதினோரு கல்லூரிகள் விசாரித்தன. கடிதத்தைப் பற்றிச் சொன்னதும் பத்து கல்லூரிகள் அவனுக்கு நல்வாழ்த்துச் சொல்லின. மிச்சமிருந்தது நெப்ராஸ்காவில் ஒரு சிறிய கல்லூரி. அங்கே பயிற்சியாளர் ஹால்வர்சன்.

"எங்க டாக்டர் சரின்னா எனக்குச் சரி, தம்பி. நாப்பத்து நாலாம் நம்பர் சட்டை காலியா இருக்கு. ஜூன்ல வா."

அவன் அம்மா லாரீன் மேற்குக் கான்சாஸில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஜூனில் நெப்ராஸ்காவுக்கு அவளே காரை ஓட்டிக்கொண்டு வந்தாள். கோசும் கொத்துக்கறியும் அடைத்த பியராக் ரொட்டி ஆறு சுட்டு, வெள்ளித் தாளில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ஐந்து மணி நேரப் பயணத்தில் இந்த விஷயத்தைப் பற்றி அவள் கேட்டது ஒரே ஒரு தடவை.

"அந்த டாக்டர் வேணாம்னாரு. இந்த டாக்டர் சரின்னா, உன் தலை மாறிடுமா?"

"மாறாதும்மா. ஆனா விளையாடலாம்."

"சரி. சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடு."

அந்தக் கல்லூரியின் மருத்துவர் மார்கிட் லோவாஸ் ஐம்பது வயதுப் பெண்மணி, அவசரப்படாதவர். கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். மூளையின் படங்களை விளக்கு முன்னால் வைத்துப் பார்த்து, குறை ஒன்றும் இல்லை என்றார். பிறகு கணினியின் முன் உட்கார வைத்தார். அதே வார்த்தைகள், அதே வடிவங்கள், சிவப்பு, நீலம்.

இந்தத் தடவை நடிக்க வேண்டாம் என்று கோல்பி முன்பே முடிவு செய்திருந்தான். எட்டு மாதமாக அவன் தலையில் ஒரு கொசுகூட மோதவில்லை. முந்தின இரவு ஒன்பது மணி நேரம் தூங்கியிருந்தான். தொண்ணூறு வாங்கிக் காட்ட வேண்டும் என்று இருந்தது அவனுக்கு. இந்த டாக்டருக்கு மட்டுமல்ல, ஆஸ்ட்ராண்டருக்கும் சேர்த்து. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினான்.

லோவாஸ் திரையைப் பார்த்தார். பழைய கல்லூரியிலிருந்து வந்த கோப்பைப் பார்த்தார்.

"அறுபத்திரண்டு. முதல் வருஷம் அறுபத்தொண்ணு. மூணு வருஷத்துல ஒண்ணு கூடியிருக்கு. படிக்க வெச்ச காசு வீண் போகல."

கோல்பி சிரிக்கவில்லை.

"நல்ல செய்திதான்ப்பா இது. அடிபட்டதோட சுவடே இல்ல. நான் கையெழுத்துப் போட்டுடறேன். நீயும் இங்க போடு. எதையும் மறைக்கலன்னு."

"இன்னொரு தடவை எழுதட்டுமா, மேடம்?"

"எதுக்கு? ஃபெயிலானவன்தான் இப்படிக் கேப்பான்."

"ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடறேன்."

அவன் வெளியே வந்து, தண்ணீர்க் குழாய் அருகில் நின்று ஜமாரைக் கூப்பிட்டான். ஜமார் படிப்பை முடித்துவிட்டு டல்லஸில் காப்பீடு விற்றுக்கொண்டிருந்தான்.

"டேய், முதல் வருஷம் அந்தப் பரீட்சையில உனக்கு எவ்வளவு வந்துச்சு?"

"அறுபத்து மூணோ நாலோ. ஏன்?"

"அதுக்கப்புறம் எப்பவாவது ஒழுங்கா எழுதிப் பாத்தியா? நடிக்காம?"

"நான் ஏன்டா எழுதிப் பாக்கணும்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்காத. சட்டை நம்பர் என்ன குடுக்கறாங்க?"

"நாப்பத்து நாலு."

"நல்ல நம்பர். வாங்கிக்கிட்டு வாய மூடிக்கிட்டு இரு."

கோல்பி திரும்ப உள்ளே போனான். பேனா மேசைமேல் அப்படியே இருந்தது. கையெழுத்துப் போட்டால் ஒரு பருவம் விளையாடலாம். பன்னிரண்டு ஆட்டம். அதற்காகத்தான் ஐந்து மணி நேரம் வந்திருந்தான். உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்ற பெரிய எண்ணம் ஒன்றும் அப்போது அவனுக்கு இல்லை. தன் தலைக்கு என்ன ஆகியிருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அந்த அறையில் இருந்தவர்களில் அதைச் சொல்லக்கூடியவர் அவர் ஒருவர்தான்.

"முதல் வருஷம் நான் வேணும்னே தப்பா எழுதினேன், மேடம். எங்க டீம்ல எல்லாரும் அப்படித்தான் எழுதுவோம்."

லோவாஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு ஒழுங்கா எழுதினேன்."

"ஒழுங்கா எழுதி அறுபத்திரண்டு."

"ஆமா."

"அப்ப நடிச்சேன்னு சொல்ற. இன்னிக்கு நடிக்கலன்னும் நீதான் சொல்ற. நான் எத நம்பட்டும்?"

"ரெண்டையும் நம்புங்க. எனக்கு என்ன ஆகியிருக்குன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாதுப்பா. உன்னோட பழைய நம்பர் இருந்தாத்தான் எவ்வளவு போயிருக்குன்னு சொல்ல முடியும். உன்கிட்ட பழைய நம்பரே இல்ல. ஒருவேளை எண்பது இருந்திருக்கலாம். அப்படின்னா நிறையப் போயிருக்கு. இல்ல, நீ நடிச்சது பெருசா ஒண்ணும் பலிக்காம, அப்பவும் உனக்கு அறுபத்தஞ்சுதான் இருந்திருக்கலாம். அப்படி நிறைய பேர் இருக்காங்க, நல்லாத்தான் இருக்காங்க."

"ஸ்கூல்ல எழுதினது இருந்தா?"

"எழுதினியா?"

யோசித்தான். அவன் ஊர்ப் பள்ளியில் அணிக்கு மொத்தம் பதினேழு பேர். பரீட்சை வைக்கிற அளவுக்கு அங்கே யாரும் யாருடைய மூளையைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை.

"இல்ல."

"அப்ப எனக்கு ஒப்பிட்டுப் பாக்க எதுவும் இல்ல. ஒப்பிட்டுப் பாக்க ஒண்ணும் இல்லாம, மூணு அடியோட, நான் இதுல கையெழுத்துப் போட முடியாது." அவர் காகிதத்தை இரண்டாக மடித்தார். "நீ சொல்லாம இருந்திருந்தா போட்டிருப்பேன். அதையும் தெரிஞ்சுக்கோ."

"தெரியும், மேடம்."

ஹால்வர்சன் கை குலுக்கினார், வருத்தப்பட்டார். அந்த வாரமே நாற்பத்து நாலாம் எண் அயோவாவிலிருந்து வந்த ஒருவனுக்குப் போனது.

காரில் ஏறியதும் லாரீன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினாள். மாநில எல்லையைத் தாண்டும்வரை ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அவனாகவே எல்லாவற்றையும் சொன்னான், ஆகஸ்ட் பரீட்சையிலிருந்து. அவள் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"சின்ன வயசுல நான் எப்படிம்மா? ஞாபக சக்தியெல்லாம்?"

"சாப்பாட்டு டப்பாவ வாரத்துக்கு ரெண்டு தடவ பஸ்லயே விட்டுட்டுப் போவ."

"அப்ப நல்லதா, கெட்டதா?"

"எனக்கு எப்படித் தெரியும்? எல்லாப் பசங்களும்தான் விட்டுட்டுப் போறாங்க." சிறிது தூரம் போன பிறகு சொன்னாள்: "அந்த நம்பர் போனாப் போகுது. படிப்ப முடி."

முடித்தான். பழைய கல்லூரியிலேயே, சேவல் அட்டையைத் தூக்காமல், மண்ணியலில். இப்போது இருபத்தேழு வயது. சொந்த ஊருக்கு இருபது மைல் தள்ளி, விவசாயிகளின் கூட்டுறவுத் தானியக் கிடங்கில் வேலை. வயல் வயலாகப் போய், குழாயை இறக்கி மண் எடுத்து, அதன் அமில அளவைச் சொல்வது, எவ்வளவு சுண்ணாம்பு போட வேண்டும் என்று சொல்வது. ஏன் விளையாட்டை விட்டாய் என்று யாராவது கேட்டால் "டாக்டர் வேணாம்னுட்டார்" என்பான். எந்த டாக்டர் என்று கேட்டவர்கள் இல்லை.

எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைப்பான். யார் வயல், எந்த மூலை, என்ன தேதி, என்ன அளவு. நோட்டைத் திறப்பதற்குமுன் மனதுக்குள் ஓர் எண்ணைச் சொல்லிப் பார்த்துக்கொள்வது அவனுக்குப் பழக்கம். பெரும்பாலும் சரியாக இருக்கும். சரியில்லாத நாட்களில், எல்லோருக்கும் இப்படித்தான் இருக்குமா, தனக்குத்தானா என்று அவனுக்குத் தெரியாது. கேட்டால் எல்லோரும் எல்லோருக்கும் இப்படித்தான் என்பார்கள். அவர்களும் எதையும் அளந்து பார்த்தவர்கள் இல்லை.

போன மாதம் வெர்ன் ஸ்டெக்லைன் என்ற கிழ விவசாயி தன் வண்டிக் கதவில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"கிழக்கு வயல்ல போன வருஷம் அமில அளவு எவ்வளவுப்பா வந்துச்சு?"

ஐந்து புள்ளி எட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டான் கோல்பி. நோட்டைத் திறந்தான். ஆறு புள்ளி ஒன்று என்று இருந்தது. கையெழுத்து அவனுடையதுதான்.

"ஆறு புள்ளி ஒண்ணு, சார்."

"எதக் கேட்டாலும் நோட்டப் பாத்துத்தான் சொல்ற. உனக்கு முன்னாடி இருந்தவன் பேருகூட எழுத மாட்டான், எல்லாத்தையும் வாயாலயே சொல்லுவான்."

"அவர் சொன்னதெல்லாம் சரியா இருந்துச்சா?"

வெர்ன் யோசித்தார். தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்துகொண்டார்.

"யாரு பாத்தா," என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.