செருப்போடு சேர்த்து வைத்த கம்பு

டாக்டர் ரஹ்மத் பேகத்துக்கு அவரோடு பணியாற்றிய மருத்துவர்கள் கொண்டுவரும் இந்த நினைவு மலரில் நானும் எழுதுவதற்கு மன்னியுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்று வழங்கும் முகாம்களில் கணினியில் பதிவு செய்கிறவள் நான்.

ஆவுடையார்கோவில் முகாமுக்குப் போகும் பேருந்தில் அவர் இறந்த செய்தி வந்தது. என் அம்மாவை அடுத்த முறை அவர்தான் பரிசோதிப்பதாக இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லலாமா என்று பார்த்தேன். அவர் தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மற்ற டாக்டர்கள் அறைக்குள் உட்கார, அவர் மட்டும் வாசலில் நாற்காலி போட்டுக்கொள்வார்.

"என்ன மேடம், காத்து வாங்குறீங்களா?" என்று ஒரு முகாமில் சக டாக்டர் ஒருவர் கேலி செய்தார்.

"வர்ற நடையப் பாக்குறேன் சார். மேசைக்கு முன்னாடி எல்லாரும் மரியாதையாத்தான் நிப்பாங்க."

அன்று கோட்டைப்பட்டினத்து மீனவர் ஒருவர், ஊன்றி வந்த கம்பைச் செருப்போடு வெளியே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி அறைக்குள் போய் நிமிர்ந்து நின்றார். டாக்டர் பின்னாலேயே எழுந்து வந்தார்.

"என்னண்ணே, அங்கிட்டு கம்போட வந்தீங்க, இங்கிட்டு பட்டாளத்துக்காரர் மாதிரி நிக்கிறீங்க?"

"டாக்டருங்க முன்னாடி கம்போட நின்னா நல்லாருக்காதும்மா."

"எங்களுக்கு நல்லாத்தான் இருக்கும். போய் எடுத்துட்டு வாங்க."

பரிசோதிக்க வேண்டியது எலும்பு மருத்துவரா, பொது மருத்துவரா என்று பேச்சு வந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்: "யாரா இருந்தா என்ன, வாசல்ல உக்காந்து பாக்க நேரம் இருக்கிறவங்க பாக்கட்டும்."

அவர் விடுப்பில் இருந்த ஒரு முகாமில் என் அம்மாவும் கம்பை வெளியே வைத்துவிட்டார். 'துணையின்றி நடக்கிறார்' என்று எழுதினார்கள். அதைப் பதிவு செய்ததும் என் விரல்கள்தான். அம்மாவின் உதவித்தொகை நின்றது.

மதியத்தில் நானும் டாக்டரும் தனித்தனியே, இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவோம். அதிகம் பேசியதில்லை. அடுத்த முகாமில் அவரே கேட்டார்.

"ஏன் புள்ள, சோறு எறங்கலையா?"

சொன்னேன்.

"மறுபடி மனு எழுதிப் போடு. ஒங்கம்மாவக் கூட்டிட்டு வா. நான் வாசல்ல இருப்பேன்."

அவர் போன பிறகும் ஒவ்வொரு முகாமிலும் அந்த நாற்காலியை வாசலில் போடுகிறேன். யாரும் உட்காருவதில்லை. சாயங்காலம் எடுத்து உள்ளே வைக்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வேலைதான்.

கேட்கக் கூச்சமாக இருக்கிறது. வரும் மாதம் அம்மா மறுபரிசோதனைக்கு வருகிறார். எவ்வளவு சொன்னாலும் கம்பை வெளியேதான் வைப்பார். உங்களில் ஒருவராவது அந்த நாற்காலியில் வந்து உட்காருங்கள்.