மூன்று மணி நேரத்தில் வந்த மாமன்

எருமப்பட்டி அப்புசாமி கிணறு துளைக்கும் ரிக் மெக்கானிக்காகத் துபாய் போய் நான்கு வருஷம். 1983இல் அக்கா மகள் பொன்னாயியின் காதுகுத்துக்காக முதல் லீவு கிடைத்தது. தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவது ஏது? பம்பாய் வரை ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோமீட்டர் சொச்சம். விமானம் மூன்று மணி நேரத்தில் இறக்கிவிட்டது. முகூர்த்தத்துக்கு ஐந்து நாள் இருந்தது.

வெளியே அக்கா புருஷன் வெள்ளியங்கிரி பீடியோடு நின்றார். ஜவ்வரிசி லோடு இறக்க லாரியோடு வந்தவர்.

“ரயிலு எதுக்கு மாப்ள? பொட்டிய நோண்டிருவானுங்க. நம்ம வண்டியில மூணே நாளு, ஊட்டு வாசல்ல எறக்கி உடறேன்.”

நாமக்கல் பக்கம் பிறந்தும் அப்புசாமி ஒன்றை மறந்துவிட்டான். அந்த ஊர் லாரி காலியாகத் திரும்பாது.

ரிட்டன் லோடு ‘இதோ, நாளைக்கு’ என்றார் புக்கிங் ஏஜெண்டு. மறுநாளும் அதையே சொன்னார். லாரிப் பேட்டையில் பெட்டிமேல் உட்கார்ந்து உட்கார்ந்து அப்புசாமியின் புதுப் பேண்டு கசங்கியது.

“மச்சான், காலியாவே போயிரலாமுங்க.”

“வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போனா செக்போஸ்ட்டு நாய்கூடச் சிரிக்கும் மாப்ள.”

“உங்க புள்ளைக்குத்தானுங்க காதுகுத்து!”

“அதனாலதான் சொல்றேன். நல்ல காரியத்துக்கு வெறும் வண்டியாவா போவாங்க?”

மூன்றாம் நாள் சாயங்காலம் வெங்காய லோடு கிடைத்து வண்டி கிளம்பியது. துபாய் சென்ட் பாட்டிலைத் திறந்து திறந்து மோந்தபடி, எஞ்சின் சூட்டில் அப்புசாமி வெந்தான். வழியில் வானத்தில் ஏதோ இரைந்தது. வெள்ளியங்கிரி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நீட்டினார்.

“மாப்ள, உன்ற பிளேனு போவுது பாரு!”

அப்புசாமி பல்லைக் கடித்தான். தொப்பூர்க் கணவாயில் டயர் வெடித்தபோது கடிக்கப் பல்லில் தெம்பில்லை.

வீட்டு வாசலில் பந்தல் பிரித்த குழிகள்தான் இருந்தன. அக்கா பாவாயி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

“மூணு மணி நேரத்துல வந்துருவேன்னு எழுதுனயேடா தம்பி?”

“ஆகாசத்துல மூணு மணி நேரந்தானுங்கக்கா. அப்பறம் உங்க ஊட்டுக்காரரு வண்டியில ஏறிட்டனுங்க.”

“நேத்து முகூர்த்தம் தப்பிருமுன்னு பெரியப்பன் மவன் செங்கோடன் மடியில வெச்சு ஒரு காதைக் குத்திப்புட்டோம். இன்னொன்னு உனக்குன்னு நிறுத்தி வெச்சிருக்கறேன். ஆசாரியும் காத்துட்டிருக்காரு, சீக்கிரம் உக்காரு.”

அப்புசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. குளித்து, வேட்டி கட்டி, மடியைத் தயாராக்கி உட்கார்ந்தான். ஆனால் காதுகுத்து என்றால் என்னவென்று பொன்னாயிக்கு நேற்றே தெரிந்துவிட்டதே! கிடுகிடுவென லாரியில் ஏறி, வெங்காய மூட்டைகளின் உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

“அந்த மாமன் வேண்டாம்! பிளேனுக்கே போவச் சொல்லு!”

அப்புசாமி வேட்டியை மடித்துக்கட்டி டயர்மேல் கால் வைத்தான். கீழே நின்ற வெள்ளியங்கிரி பீடி பற்றவைத்தார்.

“மெதுவா ஏறு மாப்ள. பத்து நிமிசத்துல எறங்கிருவா.”

“நீங்க மட்டும் நேரஞ் சொல்லாதீங்க மச்சான்!”