முறிக்காமல் விட்ட பூ

புகையிலை பூப்பதை எங்கள் பக்கத்தில் அநேகர் பார்த்ததில்லை. மொட்டு வைத்தவுடன் நுனியை முறித்துவிடுவார்கள். அப்போதுதான் இலை தடிக்கும். பூக்க விட்டால் இலை மெலிந்துபோகும். யாழ்ப்பாணத்து இணுவிலில் பிறந்து வளர்ந்த நானும் முழுதாகப் பூத்த தோட்டத்தைக் கண்டதில்லை.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு மூன்று வருடம் முந்திய மாசியில் அண்ணைக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. தோட்டம்தான் அவர் வீட்டுச் சோறு. தண்ணீர் இறைப்பைப் பக்கத்துத் தோட்டக்காரர் ஏற்றுக்கொண்டார். ஆள் பிடித்து நுனி முறிப்பிப்பது, பள்ளிக்கூட வாத்தியாரான என் பொறுப்பு. அந்நாட்களில் பழைய கமெரா ஒன்றை வைத்துக்கொண்டு எருக்கலை, தும்பை, வேலியில் படரும் கொடி என்று படம் எடுத்துத் திரிந்தேன்.

ஒரு வியாழன் காலை தோட்டத்துக்குப் போனேன். மூன்று கன்றில் பூ விரிந்திருந்தது. நீண்ட குழல், வாயில் வெளிறிய சிவப்பு, மெல்லிய மயிர்களில் பனி. ஒரு படம் எடுத்தேன். இன்னும் இரண்டு நாளில் எல்லாம் பூத்துவிடும் என்று பட்டது. ஆளைக் கூப்பிடவில்லை.

"என்ன மாஸ்ரர், புகையிலைப் பூவிலை மாலை கட்டிக் கோயிலுக்குக் குடுக்கப்போறியளோ?" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அண்ணைக்குத் தெரியுமோ?" என்றார்.

மத்தியானம் அண்ணை பாயில் கிடந்தபடி கேட்டார்: "தம்பி, நுனி முறிச்சாச்சோ?"

"ஓம் அண்ணை."

சனிக்கிழமை முகில். ஞாயிறு காற்று, பூ அசைந்தது. பிறகும் காத்திருந்தேன். மற்றச் சனி விடிய, தோட்டம் முழுவதும் இளஞ்சிவப்பாக நின்றது. அவ்வளவு வடிவான படத்தை நான் அதற்கு முன்னும் பின்னும் எடுத்ததில்லை. எடுத்த பிறகே ஆள் விட்டு முறிப்பித்தேன்.

பங்குனியில் அண்ணை எழும்பினார். வெட்டிய இலை கடுதாசிபோல இருந்தது. இறைப்புத்தான் பிசகியது என்று நினைத்து, பக்கத்துத் தோட்டக்காரரோடு கதைப்பதை விட்டார். நான் வாய் திறக்கவில்லை.

ஒரு நாள் அண்ணைக்குப் பொழுது போகட்டுமென்று அவர் மனைவி, என் மச்சாள், என் படங்களை எடுத்துக்கொடுத்தார். படத்தின் பின்புறம் எடுத்த திகதியும் நேரமும் எழுதிவைப்பது என் வழக்கம். அண்ணை புகையிலைப் பூவின் இரண்டு படங்களை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலில் எண்ணினார்.

"ஒன்பது நாள்."

"என்ன ஒன்பது நாள்?" என்றார் மச்சாள்.

"ஒண்டுமில்லை. உவன்ரை பள்ளிக்கூட விஷயம்." என்னைப் பார்த்து, "வடிவாய்த்தான் எடுத்திருக்கிறாய்," என்றார்.

அன்று பின்னேரம் தடியை ஊன்றிக்கொண்டு தனியே பக்கத்துத் தோட்டக்காரர் வீட்டுக்குப் போய்வந்தார்.

அந்த இலையைக் கேட்டு ஒருவரும் வரவில்லை. சித்திரை முடியுமுன் அண்ணை, காய்ச்சல் வாட்டிய உடம்போடு, தெற்கே ஒரு சுருட்டுக்கடைக்கு வேலைக்குப் போனார். ரயிலடியில் அவருடைய பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன். அவர் தரவில்லை.