மத்தியானத்தில் அறுந்த குரல்

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவரின் போர்வெல் ரிக் வண்டி கப்பலேறிக் கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போனபோது, என் தம்பியும் அதோடு வேலைக்குப் போனான். நான் அப்போது சேலத்தில் அயனி மண்டலம் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். கொண்டப்பநாயக்கன்பட்டி வாடகை வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்.

அவன் இருந்த முகாமுக்கு செல்போன் சிக்னல் எட்டாது. ஒரு சாட்டிலைட் போன் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து, அங்கே இருட்டிய பிறகு, அதில் எப்போதாவது கூப்பிடுவான். பாதிப் பேச்சில் குரல் நடுங்கும், உடையும், அறுந்துவிடும்.

"வானத்தப் பத்திப் படிக்கறேங்கறயே, இது ஏன் இப்படி அறுந்து போவுது?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

அது கிட்டத்தட்ட என் ஆராய்ச்சியேதான். கடலில் நீர் ஏறி இறங்கும் ஓதம் இருப்பதுபோலக் காற்றுக்கும் ஓதம் உண்டு. அதைக் கிளப்புவது வெயில். நிலநடுக்கோட்டுக் காடுகளின் மேல் மழைமேகம் திரளும்போது வெளிப்படும் வெப்பமும் அதில் சேர்ந்துகொள்ளும். கடலும் நிலமும் மாறி மாறிக் கிடப்பதால் அந்த வெப்பம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. அந்த ஏற்றத்தாழ்வோடு அலை மேலே ஏறி, அயனி மண்டலம் என்கிற மின்னேற்றம் கொண்ட காற்றடுக்கைத் தள்ளுகிறது. பூமியை நிலநடுக்கோட்டோடு ஒரு சுற்று சுற்றினால், அந்த அடுக்கு நான்கு இடங்களில் தடித்தும் இடையில் மெலிந்தும் இருக்கும். தடித்த இடங்களில் ஒன்று ஆப்பிரிக்கா. அந்த நான்கு மேடுகளும் மாதத்துக்கு மாதம் எப்படி வளர்ந்து தேய்கின்றன என்று சாட்டிலைட் பதிவுகளில் பார்ப்பதுதான் என் வேலை. பொழுது சாய்ந்ததும் அந்த அடுக்கு சில நாள் கிழிந்து குமிழியிடும். அதன் வழியே வரும் சிக்னல் சிதறிவிடும்.

அம்மாவுக்கு இதில் ஒன்றுதான் பிடிபட்டது. "அங்கத்த மேகமா என்ற மவன் பேச்சத் தடுக்குது?" என்றாள். அடுத்த முறை அவன் கூப்பிட்டதும் அதை அவனிடமும் சொன்னாள். நானும் போனை வாங்கி விளக்கினேன். "அப்படீங்களாக்கா" என்று சிரித்தான்.

இரண்டாம் வருடம் அவன் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூப்பிட ஆரம்பித்தான். பேச்சு அப்போதும் அறுந்தது. அவனுக்குக் காய்ச்சல் என்று தெரிந்த அடுத்த வாரம் அம்மா கேட்டாள்:

"காய்ச்சல் உட்டுதா சாமி?"

"ஆமாங்கம்மா, நல்ல மழைங்க."

"சோறு உண்டயா?"

"கேக்குலீங்கம்மா. அக்கா சொன்ன மேகந்தான். வெச்சர்றேன்."

அம்மா வானத்தைத் திட்டிக்கொண்டே போனை வைத்தாள். நான் எழுந்து வாசலில் போய் நின்றேன். இங்கேயே இன்னும் வெயில் இறங்கவில்லை. அங்கே அவனுக்கு உச்சிப் பொழுது. நான் சொன்ன கிழிசல் பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். அதோடு அவன் குரல் எங்களுக்குத் தெளிவாக வந்தது, ஒரு சொல்கூட உடையவில்லை.

பக்கத்து ஊருக்குச் சாமான் வாங்க வரும்போது அவன் செல்போனுக்கு நெட் கிடைக்கும். அதற்கு எழுதினேன்: "பகல்ல வானம் லைன அறுக்காது. என்னடா ஆச்சு?"

சில நாள் கழித்துப் பதில் வந்தது. "காது போச்சுக்கா. ரிக்கு கம்ப்ரசர் சத்தத்துக்குப் பக்கத்துலயே நின்னு நின்னு. அம்மா பேசறது பூச்சி ரீங்காரம் மாதிரிதான் கேக்குது. அம்மாகிட்டச் சொல்லீராதீங்க."

படித்துவிட்டு அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை. திரையில் நான்கு மேடுகளும் வண்ணத்தில் விரிந்து கிடந்தன. அவன் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். கிளம்பி வா என்று எழுதினேன். வந்தான்.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு காது டாக்டரிடம் கூட்டிப்போனேன். நரம்பு செத்துவிட்டது, இனித் திரும்பாது என்றார். காது மெஷின் மாட்டியதில் சத்தம் பெரிதானது, சொல் புரியவில்லை. அம்மா முதலில் கத்திப் பேசினாள். பிறகு கையைக் காட்டினாள். பிறகு அவன் எதிரிலேயே அவனைப் பற்றி என்னிடம் பேசப் பழகிவிட்டாள். அவன் சங்ககிரியில் ஒரு லாரி பட்டறையில் சேர்ந்தான். அங்கே யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றான்.

போன மாதம் ஆத்தூர்ப் பக்கமிருந்து பெண்வீட்டார் வந்தார்கள். அவன் சலவைச் சட்டை போட்டு உட்கார்ந்து, யார் வாயசைத்தாலும் தலையாட்டினான். காது விஷயத்தை நாங்கள் மறைக்கவில்லை. பெண்ணின் அம்மா நல்ல மாதிரிதான், தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"ராத்திரியில கொழந்த அழுதா, இவருக்குக் கேக்குமா?"

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தம்பி என் பக்கம் குனிந்தான். தன் குரலின் அளவு தெரியாமல் எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டான்: "என்ன கேட்டாங்கக்கா?"

"காப்பிக்குச் சக்கரை போதுமான்னு கேட்டாங்க" என்றேன், உதடு நன்றாகத் தெரியும்படி.

"அதுக்கா அம்மா அழுவுது?" என்றான்.