ஆறு கால் பறவையைக் கூவிக் காட்டியவர்

ஸ்டெல்லா அக்காவுக்குச் செய்தி சொல்லத்தான் நான் போன் செய்தேன். நம் ஏரியின் தெற்கு மூலையில் இலைக்கோழி மறுபடியும் முட்டையிட்டிருந்தது. அல்லி இலைகளுக்கு நடுவே அப்பா பறவை அடைகாக்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. போனை எடுத்தவர் அக்காவின் கணவர் ஜெயராஜ். "ஸ்டெல்லா போய்ட்டா சார். விடியக்காத்தால நெஞ்சு வலிக்குதுன்னா. ஆஸ்பத்திரிக்கு வர்றதுக்குள்ள முடிஞ்சிபோச்சு" என்றார். அதற்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இலைக்கோழி முட்டை வெச்சிருக்கு" என்றேன். வாயில் தயாராக இருந்தது அதுதான். ஜெயராஜ் அழுதுகொண்டே, "இருங்க சார், அவகிட்ட சொல்றேன்" என்றார்.

ஞாயிறு காலைகளில் பெருங்களத்தூர் பக்கம் நம் ஏரிக்கரைக்கு வருகிற உங்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புறநகர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கவுண்ட்டரில் வேலை பார்த்தவர். கண்ணாடிக்கு உள்ளே இருந்து, வண்டிச் சத்தத்தையும் மீறி, காலமெல்லாம் பேசிப் பேசிக் குரல் அப்படி ஆகிவிட்டது. பறவை பார்க்கிறவர்களுக்கு முதலில் வேண்டியது வாயை மூடிக்கொண்டிருக்கும் குணம். அது அவரிடம் அறவே கிடையாது. நானோ திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் கணக்கு எழுதுபவன். வாரம் முழுவதும் இரும்புச் சத்தம். ஞாயிற்றுக்கிழமையாவது காதுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று ஏரிக்கு வந்தால், அங்கே இவர் நிற்பார். "மீன்கொத்தி சார், மீன்கொத்தி, வுட்டுடாதீங்க!" மீன்கொத்தி அடுத்த மதகுக்குப் போயிருக்கும். நான் உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பேன். "பறவ பயந்தா திரும்பி வரும் சார். மன்சன் பாக்காம போய்ட்டா வரமாட்டான்" என்பார்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. நல்ல பறவை கண்ணில் பட்டால், பைனாகுலரைத் தன் கண்ணில் வைப்பதற்கு முன்னால் பக்கத்தில் நடந்துபோகிறவர் கழுத்தில் மாட்டிவிடுவார். பால்காரர், சர்க்கரைக்காக நடக்கிறவர், கரையோரம் கட்டட இடிபாடு கொட்ட வந்த டெம்போ டிரைவர் என்று யாரும் தப்ப முடியாது. அந்த டிரைவர் நாமக்கோழியைப் பார்த்துவிட்டு, கொட்ட வந்ததைக் கொட்டாமலே வண்டியைத் திருப்பினார். அன்று முழுவதும் அக்காவின் கால் தரையில் படவில்லை.

நான் அசடு வழிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்களே எழுந்து சொல்வீர்கள். கோரைக்குள் வெள்ளையாக ஒன்று அசையாமல் நின்றது. கரண்டிவாயன்தான் என்று முடிவுகட்டி, மொத்தக் குழுவையும் மூச்சுவிடாமல் குந்தவைத்தேன். கொசு பிடுங்கித் தின்றது. கடைசியில் அக்கா எழுந்து நின்று, "சார், உங்க பறவ மேல பொன்னி அரிசின்னு எழுதிகீது" என்றார். அதற்குப் பிறகு நான் எந்தப் பறவையைக் காட்டினாலும், "பச்சரிசியா சார், புழுங்கலா?" என்றுதான் கேட்பார்.

ஆனால் நம் எல்லோரையும் அவர் கட்டிப்போட்டது அந்த ஆறு கால் பறவையால்தான். சில வருடங்களுக்கு முன் ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று தெற்கு மூலையில் படகுத்துறை கட்டத் திட்டம் வந்தது. அல்லியையும் கோரையையும் வாரிப்போட ஒரு பொக்லைன் வந்து நின்றது. அன்று காலை அக்காவின் குரல் செய்தி நம் வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது. "ஒரு பறவ சார், ஆறு காலு கீது. சத்தியமா எண்ணிட்டேன்." நான் உடனே பதில் போட்டேன்: "பறவைக்கு இரண்டு கால்தான். கண்ணாடியைத் துடைத்துப் பார்க்கவும்." போட்டுவிட்டு, பார்க்காமல் இருக்க முடியாமல் வண்டியை எடுத்தேன்.

ஆறு கால் இருந்தது. அப்பா இலைக்கோழி தன் இரண்டு குஞ்சுகளையும் இறக்கைக்குள் அள்ளி இடுக்கிக்கொண்டு இலைமேல் நடந்துகொண்டிருந்தது. குஞ்சுகளின் நீளக் கால்கள் வெளியே தொங்கின. நான் அதைப் படங்களில் பார்த்திருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. இதற்குள் அக்கா பொக்லைன் மேல் ஏறி, அதை ஓட்டுகிற ஊரப்பாக்கம் சேகரின் கழுத்தில் பைனாகுலரை மாட்டியிருந்தார். "பாத்துக்கினியா? பொட்ட முட்டய வெச்சிட்டுப் போய்டும். அப்பன்தான் எல்லாம். நீ வாரப்போறது அவன் வூட்ட" என்றார். சேகர் இன்ஜினை அணைத்துவிட்டார். பிறகு வந்த பொறியாளரின் கழுத்திலும் பைனாகுலர் விழுந்தது. கரையில் அக்கா கூவிச் சேர்த்த கூட்டம் நின்றது. "சரி, இந்த மூலை இப்படியே கிடக்கட்டும்" என்று பொறியாளர் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டுப் போனார்.

வாய்ச்சொல் எத்தனை நாளைக்கு? அக்காவை அடக்கம் செய்த மறு வாரமே பொக்லைன் திரும்பி வந்தது. பொறியாளரும் மாறிவிட்டார். சேகர் என்னைத் தேடி வந்தார். "குஞ்சு பொரிக்கிறவரைக்கும் வடக்கால ஓட்டறேன் சார். அதுக்கப்புறம் மேலருந்து கேட்டா நான் இன்னா சொல்றது? அக்கா இருந்தா ஆள் சேத்துடும். நீங்கதான் வாயத் தொறக்கமாட்டீங்களே" என்றார். சுருக்கென்றது. உண்மைதானே?

போன ஞாயிறு புதுப் பொறியாளர் அளவு பார்க்க வந்தார். கரை முழுவதும் நடக்கிறவர்கள். ஒருவர்கூட ஏரிப் பக்கம் திரும்பவில்லை. அப்போது அல்லி இலை அசைந்தது. அப்பா பறவை குனிந்தது, இறக்கையை விரித்தது, நிமிர்ந்து நடந்தது. ஆறு கால். எனக்குள் என்ன நடந்தது என்று தெரியவில்லை. "ஆறு காலு! ஓடியாங்க, ஆறு காலு கீது!" என்று ஒரு குரல் கேட்டது. என் குரல்தான். தொண்டை கிழிந்துவிட்டது. நடந்தவர்கள் ஓடி வந்தார்கள். நான் பைனாகுலரைக் கழற்றிப் பொறியாளரின் கழுத்தில் மாட்டினேன். அவர் பார்த்தார், வெகுநேரம் பார்த்தார். திருப்பிக் கொடுக்க மனமில்லாமல், "அந்தப் பக்கம் இந்த வாரம் வேலை வேண்டாம்" என்று சேகரிடம் சொன்னார். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோரையும் வரும் ஞாயிறு கரைக்குக் கூப்பிடுகிறேன். அக்காவின் பைனாகுலர் ஜெயராஜிடம் இருக்கிறது, அது அவருக்குச் சேர வேண்டியது. நான் அக்காவின் கத்தலை வைத்துக்கொள்கிறேன்.

அன்று வீட்டுக்குக் கிளம்புமுன் ஜெயராஜுக்குச் சொல்லலாம் என்று கரைக்குக் கீழே இருக்கும் அவர்கள் தெருவில் இறங்கினேன். அவர் செருப்புக்கூடப் போடாமல் தெருவிலேயே நின்றிருந்தார்.

"வூடு வரைக்கும் கேட்டுச்சு சார். அவதான்னு நெனச்சி ஓடியாந்துட்டேன்" என்றார்.