ஆம்பளை மாரில் ஒரு கட்டி

திருவண்ணாமலையில் பைக்குக்கு சீட் கவர் தைக்கிறவன் நான். வெயில் காலத்தில் சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடுதான் மெஷினில் உட்காருவேன். ஒருநாள் துவைக்க எடுத்த பனியனை என் மனைவி ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துக் காட்டினாள். இடது மார்புக்கு நேராக ரத்தப் புள்ளி காய்ந்திருந்தது.

“சீட்டு இரும்பு இடிச்சிருக்கும்,” என்றேன். காம்புக்குப் பின்னால் கட்டி ஒன்று இருப்பது எனக்கு முன்பே தெரியும். வலிக்கவில்லை என்று விட்டிருந்தேன். அவள் விடவில்லை. உள்ளூர் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அங்கே எங்களை அனுப்பிய இடத்தில் மார்பகப் பிரிவு என்று பெரிதாக எழுதியிருந்தது. பெஞ்சு முழுக்கப் பெண்கள். உட்கார வெட்கமாக இருந்ததால் படிக்கட்டோரம் போய் நின்றுகொண்டேன். புற்றுநோய் என்று சொன்னபோதுகூட எனக்கு முதலில் சாவு பயம் வரவில்லை. கடைத்தெருவில் இது தெரிந்தால் என்ன பேசுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஆபரேஷன் செய்து இடது மார்பை எடுத்தார்கள். ஊரில் குடலிறக்கம் என்று சொல்லிவைத்தோம். எடுத்த சதையைப் பரிசோதித்த பிறகு டாக்டரம்மா கூப்பிட்டார்கள். என் மகளைவிட ஏழெட்டு வயது பெரியவராக இருப்பார்.

“இந்தக் கட்டியில ஒரு ஜீன் அளவுக்கு மீறிப் பெருகியிருக்கு. அதனால புற்றுநோய் செல் மேல ஒரு புரதம் ஜாஸ்தியா இருக்கு. அந்தப் புரதத்தைத் தேடிப் போய் ஒட்டிக்கிற மருந்து இருக்குங்க. ஒட்டிக்கிட்டா செல் வளர்றதும் கம்மியாகும், உங்க உடம்போட எதிர்ப்பு சக்தியும் அதை அடையாளம் கண்டு அடிக்கும்.”

“ஆம்பளைக்கும் கேக்குமாங்க?”

“மருந்துக்கு ஆம்பளை, பொம்பளை தெரியாது பாய்,” என்று சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆண்களுக்கு இது வந்தால் பரம்பரையா என்று பார்ப்பது வழக்கம் என்று சொல்லித் தனியாக ரத்தமும் எடுத்தார்கள்.

அந்த மருந்தோடு கீமோவும் ஏற்றுகிற நாள் ஒன்று பௌர்ணமிக்கு மறுநாள் வந்தது. கிரிவலம் முடிந்து திரும்புகிற கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தோம். பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, “பாய், நீங்க எங்க இங்க?” என்று ஒரு குரல். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையில் இட்லிக் கடை வைத்திருக்கும் பெண். அவள் புருஷன் வண்டிக்கு நான்தான் சீட் தைத்தேன். தங்கச்சியைக் காட்ட வந்திருக்கிறாளாம்.

கையிலிருந்த டோக்கனை மடித்துச் சட்டைப் பையில் போட்டேன்.

“எனக்குத்தான்மா,” என்றாள் என் மனைவி. “மாருல கட்டி. அதான் கூட வந்திருக்காரு.”

நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்றுமில்லை.

நாங்கள் ஊருக்குத் திரும்பிய சில நாட்களில் சேதி எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. பெண்கள் பழம், ஹார்லிக்ஸ் என்று எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்க வந்தார்கள். கேட்டவர்களிடம் ஜீன் டெஸ்ட்டும் செய்தார்கள் என்று அவள் சொல்லிவைத்தாள். மருந்தால் முடி கொட்டியது எனக்கு. வெயிலுக்கு மொட்டை என்று சொல்லிக்கொண்டேன். அவள் தலையில் எப்போதும் முக்காடு இருந்ததால் அவள் முடியை யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் தினமும் வந்தார். இவளைப் பாத்திரம்கூடத் துலக்க விடாமல் தானே துலக்கினார். ஒருநாள் அவர் மெதுவாக, “எந்தப் பக்கம்மா?” என்று கேட்டது உள்ளே படுத்திருந்த என் காதில் விழுந்தது.

“இடது,” என்றாள் இவள்.

என் கை தானாக மார்புக்குப் போனது. எழுந்து வெளியே போயிருக்கலாம். போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஆரணியில் மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. சேதி அங்கேயும் போய், ஒரு மதியம் மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அந்தம்மா டீயைத் தொடவில்லை.

“ஜீன் டெஸ்டெல்லாம் பண்ணாங்களாமே. ஜீன்னா பரம்பரைதானே? தப்பா நெனைக்காதீங்க, நாளைக்கு உங்க பொண்ணுக்கும் வந்துட்டா நாங்க இன்னா பண்றது?”

மகள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, உட்கார்ந்திருந்த கோரைப்பாயின் ஓரத்தை விரலால் நெருடினாள். அப்போதும் அவள் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

நான் சட்டைப் பட்டனைக் கழற்றினேன். அந்தம்மா பதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கணவர் பார்த்தார். காம்பு இல்லாமல், அக்குள் வரை ஓடிய தழும்பு.

“வியாதி எனக்கு. அவளுக்கு ஒண்ணும் இல்ல. கட்டிக்குள்ள கெட்டுப்போன ஜீன் வேற, பரம்பரையா வர்றது வேற. அதுக்கும் தனியா ரத்தம் எடுத்துப் பாத்துட்டாங்க. பரம்பரையா வர்ற மாதிரி எதுவும் தெரியலன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க.”

“இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே பாய்,” என்றார் அந்த மனிதர்.

“ஆம்பளைக்கு இந்த வியாதின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.”

அவர்கள் போன பிறகு மகள் வெளியே வந்து என்னைக் கடந்து போனாள். அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் தோளில் சாய்ந்துகொண்டாள். சில நாள் கழித்து மாப்பிள்ளையின் அப்பா போன் செய்து நிக்காஹ்வுக்குத் தேதி குறிக்கலாம் என்றார். நடந்தது, இப்போது மகள் ஆரணியில் இருக்கிறாள்.

உண்மை ஊருக்குத் தெரிந்ததும் கடைத்தெருவில் கொஞ்ச காலம் சிரித்தார்கள். சீட்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்களின் கண் என் மார்புக்குப் போய்த் திரும்பும். பிறகு அதுவும் பழகிவிட்டது. பெரும்பாலானவர்கள் என்னிடம் நல்லபடியாகவே பேசினார்கள். ஐயோ பாவம் பாய் என்றார்கள். வேறு ஒன்றைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. ஊர்க் கோபம் முழுக்க என் மனைவி மேல் திரும்பியது. இல்லாத நோயைச் சொல்லி எல்லோரையும் அழவைத்தாளாம். எதிர்வீட்டு அக்கா இவளைப் பார்த்தால் கதவைச் சாத்திக்கொண்டார்.

“நீங்க ஒண்ணும் போய்ப் பேச வேணாம்,” என்றாள் இவள். “உடம்பைப் பாருங்க.”

இருந்தாலும் போனேன். எதிர்வீட்டு அக்கா வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

“அக்கா, என் வெக்கத்தைக் காப்பாத்தத்தான் அவ அப்படிச் சொன்னா. நான் பக்கத்துலயே உக்காந்து கேட்டுட்டு இருந்தேன். கோவப்படணும்னா என்மேல படுங்க.”

அவர் கையைக் கட்டிக்கொண்டார்.

“அவ சொன்னது இருக்கட்டும் பாய். நான் உங்க வூட்ல பாத்திரம் துலக்கினப்போ நீங்க உள்ளதானே படுத்திருந்தீங்க?”

“ஆமாம்.”

“கேட்டுக்கிட்டுதானே இருந்தீங்க?”

அதற்கும் ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். கதவை மட்டும் சாத்தவில்லை. மறுநாள் காலையில் அவரும் என் மனைவியும் தண்ணீர்க் குழாயடியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வருவதைப் பார்த்ததும் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். நான் தலையைக் குனிந்தபடி அவர்களைக் கடந்து கடைக்குப் போனேன்.