புளி கரைத்த கல்

அந்தக் கல் எனக்குக் கிடைத்திருக்க வேண்டியது. விண்கல் ஆராய்ச்சி என் படிப்பு. இரண்டு வருடம் ராஜஸ்தான் மணலில் குனிந்து குனிந்து நடந்து முதுகு போனதுதான் மிச்சம், ஒன்றுகூட அகப்படவில்லை. டெல்லி முனிர்காவில் என்னோடு அறையில் இருந்த நாகர்கோவில்காரி ஒரு நர்ஸ். கூட வேலை பார்ப்பவளின் கல்யாணத்துக்கு ஜெய்சல்மேர் பக்கம் போனாள். வழியில் பஸ் பஞ்சராகி நின்ற இடத்தில் காலில் இடறியதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

"ஏட்டி, இது ஒனக்க வானத்துக் கல்லான்னு பாரு."

பார்த்தேன். வெறும் இரும்புக் கசடாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேதான் பார்த்தேன். நூலில் கட்டிய காந்தம் கல் பக்கம் சாய்ந்தது. தரை டைலின் சொரசொரப்பான பின்பக்கத்தில் தேய்த்தால், சாதாரண இரும்புத் தாதுபோலக் கோடு விழவில்லை. மேலே மெல்லிசாகக் கருகிய தோல். ஒரு மூலையை அரத்தால் ராவினேன். உள்ளே பொடிப்பொடியாக இரும்பு மின்னியது. பாவி, விண்கல்லேதான்! எனக்கு வயிறு பற்றி எரிந்தது. "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை என் பேராசிரியரிடம் காட்டலாம் என்று முடிவாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்வந்தவள் அடுப்படியில் புளி கரைத்துக்கொண்டிருந்தாள். மீன் குழம்புக்கு என்று நினைத்தேன். பக்கத்தில் கல் இருந்தது. எனக்கு முதுகைக் காட்டியபடி போனில் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள்: "பெரிய சாருக்க கையில அழுக்கோடயா கொடுக்க முடியும்? வெளக்கு தேய்க்கிய மாதிரி புளி போட்டுத் தேச்சா மின்னும்லா!"

நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அந்தக் கல்லுக்குத் தண்ணீரே ஆகாது. புளி உள்ளிருக்கும் இரும்பைத் தின்றுவிடும். உலர்ந்த பிரஷ்ஷும், அவள் அலமாரியிலேயே இருந்த ஸ்பிரிட்டும் போதும். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சத்தம் காட்டாமல் மொட்டைமாடிக்குப் போய்விட்டேன்.

மறுநாள் கல்லெல்லாம் துரு. பேராசிரியர் தலையில் அடித்துக்கொண்டார். அவளை ஒன்றும் சொல்லவில்லை, என்னைத்தான் முறைத்தார்.

"தும்னே ரோக்கா நஹீ?" நீ தடுக்கவில்லையா?

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் ஓட்டை ஹிந்தியில் முந்திக்கொண்டாள். நான் அப்போது வீட்டிலேயே இல்லையாம். இருந்திருந்தால் அவள் கையிலிருந்து கல்லைப் பிடுங்கியிருப்பேனாம்.

ஆமாம் சார் என்று நானும் தலையாட்டினேன்.